உதடு மட்டும் அசைந்த பாட்டு

எங்கள் பங்குக் கோயிலின் பாட்டுக் குழு மாஸ்டரை நினைத்தால், முதலில் ஞாபகம் வருவது அவர் காதில் மாட்டியிருந்த வெள்ளை ஹெட்போன்தான். கிறிஸ்துமஸ் பாட்டுப் போட்டிக்கான ஒத்திகையை ஃபோனில் பதிவு செய்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், சட்டென்று அதைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நடுவுல ஒரு ஆம்பளைக் குரல் கேக்குது. நீதானம்மா அது?" எல்லோரும் சிரித்தார்கள். "நீ பாடாத. வாயை மட்டும் அசை. வரிசைக்கு ஆள் வேணும்ல?"

எனக்குக் கனத்த குரல். மற்ற பெண்களுக்கெல்லாம் மெல்லிய, உயர்ந்த குரல்கள். வேலை முடிந்த களைப்போடு எடமலைப்பட்டி புதூரிலிருந்து பஸ் பிடித்து ஒத்திகைக்கு ஓடுவேன். குழுவின் பின்வரிசையில் நின்று பாடுவதைத் தவிர எனக்கென்று வேறொரு சந்தோஷம் அப்போது கிடையாது. அன்று எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

ஒரு குழு பாடும்போது யாரும் தனித்தனிக் குரல்களைக் கேட்பதில்லை, எல்லாம் கலந்து வரும் ஒரே நிறத்தைத்தான் கேட்கிறார்கள். குழம்பு மணக்கிறது என்பார்கள், வெந்தயத்தை யாரும் தனியாகப் பாராட்டுவதில்லை. எங்கள் பாட்டைக் கேட்டவர்கள், "கம்பளி போத்துன மாதிரி கதகதன்னு இருக்குங்க" என்பார்கள். அந்தக் கதகதப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பாராட்டு மட்டும் மாஸ்டருக்குப் போகும்.

அடுத்த ஒத்திகைகளில் நான் வழக்கம்போலவே பாடினேன். மாஸ்டர் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, இப்பதான் சுத்தமா இருக்கு!" நான் பாடவில்லை என்று அவர் நம்பினார். நம்பியதையே அவர் காதும் கேட்டது.

போட்டியன்று மேடையில் அவர் சொன்னபடியே செய்தேன். வாயை அழகாக அசைத்தேன், சத்தம் துளியும் வரவில்லை. முதல் அடியிலேயே பாட்டு வெளிறிப்போனது. சுருதி சரி, தாளம் சரி, யாரும் எங்கும் தவறவில்லை. ஆனாலும் ஏதோ இல்லை என்பது மாஸ்டரின் முகத்தில் தெரிந்தது. முன்வரிசையை உரக்கப் பாடச் சொல்லிச் சைகை காட்டினார். அது கீச்சென்று இன்னும் மோசமானது. வருடா வருடம் எங்களுக்கே வந்த கோப்பை பக்கத்துப் பங்குக்குப் போனது. கூடப் பாடியவர்களுக்காக நான் வருந்தவில்லை. அவர்களும்தான் சிரித்தார்கள்.

மாஸ்டர் கீபோர்டைத் திட்டினார், ஸ்பீக்கர்காரரைத் திட்டினார். கொஞ்ச நாளில் குழுவையே விட்டுவிட்டார்.

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறாராம். ரொம்பத் தளர்ந்திருந்தார். நலம் விசாரித்த கையோடு, "அன்னைக்கு மேடையில என்னதான் ஆச்சுன்னு இன்னும் புரியலம்மா. மனசு ஆறவே மாட்டேங்குது. நீ பின்னாடிதானே நின்ன, உனக்கு ஏதாச்சும் தெரிஞ்சுதா?" என்றார்.

"நான்தான் அன்னைக்குப் பாடவே இல்லையே மாஸ்டர்."

"அது தெரியும்மா. பாடுனவங்கள்ல யாருன்னு கேக்கறேன்."

பஸ் வந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் நெற்றியைச் சுருக்கி யோசித்துக்கொண்டே போனார்.

யோசிக்கட்டும்.