மன்றச் செயலாளர் மருதையும் ககனவீரனின் வில்லியும்

சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் ஆட்டோ ஓட்டுகிற மருதைக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, ஆட்டோவின் முதுகில் ஒட்டியிருக்கும் நடிகர் அதிரனின் படம். மற்றொன்று, அவர் சட்டைப் பையை விட்டு இறங்காத ரப்பர் ஸ்டாம்பு. அதில் 'செயலாளர், அதிரன் ரசிகர் மன்றம், திருச்சி' என்று வட்டமாக எழுதியிருக்கும். உப்பிலியபுரத்திலிருந்து பிழைக்க வந்த புதிதில், இந்த ஊரில் அவரை 'வாங்க' என்று மரியாதையாகக் கூப்பிட்டவர்கள் மன்றத்துக்காரர்கள்தான். அதனால் இருபத்திரண்டு வருஷமாக அந்த ஸ்டாம்பை வேறு கைக்குக் கொடுக்கவில்லை.

சினிமா பார்ப்பதில் மருதைக்கென்று ஒரு சட்டம் இருந்தது. செருப்படி வாங்காத வில்லன் வில்லனே இல்லை. இளவட்டமாக இருந்தபோது ஒரு வில்லன் மீது கோபம் தாங்காமல் திரையை நோக்கித் தன் செருப்பை வீசிவிட்டு, புத்தூர் வரைக்கும் வெறுங்காலோடு நடந்து வந்தவர் அவர். "அவன் நடிகன்! வீசின செருப்புக்குத் தகுந்தவன்" என்று இன்றைக்கும் சொல்வார். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் அவருடைய ஒரே மகள் செல்லக்கிளி. சென்னையில் நாடகங்களில் நடித்துக்கொண்டிருந்தாள். கேட்டால், "ஒரு படத்துல சின்ன வேலைப்பா" என்பாள், அதோடு சரி.

போன வருஷம் அதிரன் வானத்தில் பறக்கும் வீரனாக நடிக்கும் 'ககனவீரன்' படத்துக்கு வில்லி யாரென்று அறிவித்தார்கள். யாழினி என்ற புதுமுகமாம். போஸ்டரில் பாதி முகம் கறுப்புச் சாயம், ஒரு பக்கத் தலை மொட்டை. ரசிகர்கள் கொதித்தார்கள். "ரேஷன் கடை க்யூவுல பார்த்த மாதிரி இருக்கு" என்று ஒருவன் எழுதினான். "அண்ணன் தும்முனா பறந்துடும்" என்றான் அடுத்தவன். நாட்டில் வில்லனுக்கா பஞ்சம் என்று மூன்று நாளாக மருதையின் போன் ஓயவில்லை.

அவர் மனைவி அமிர்தம் போஸ்டரை வெகுநேரம் பார்த்தாள்.

"ஏங்க, இந்தக் கண்ணு நமக்குத் தெரிஞ்ச கண்ணாட்டம் இருக்கே?"

"உனக்கு எல்லாமே தெரிஞ்ச கண்ணுதான். போய் வேலையைப் பாரு."

அப்போதே நின்று ஒரு தடவை பார்த்திருக்கலாம். மனுஷனுக்கு அண்ணன் பேரைக் கேட்டால் மற்றதெல்லாம் மங்கிப்போகும். லெட்டர் பேடை எடுத்தார். 'மேற்படி நடிகை எங்கள் அண்ணனுக்கு நிகராக நிற்கத் தகுதியற்றவர். உடனே மாற்ற வேண்டும்' என்று எழுதி, முந்நூறு பேரிடம் கையெழுத்து வாங்கி, ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினார். தியேட்டர் வாசலில் நின்று அதை அவர் வாசித்ததைத் துணைச் செயலாளர் லூர்து வீடியோ எடுத்துப் போட்டான். ஒரே நாளில் தமிழ்நாடு முழுக்க அது சுற்றியது.

மறுநாள் காலை பஸ்ஸில் செல்லக்கிளி வந்து இறங்கினாள். தலையில் சுற்றியிருந்த துப்பட்டாவை எடுத்தாள். ஒரு பக்கம் மொட்டை.

"தகுதியற்றவர்னு வாசிச்சீங்களேப்பா, அது நான்தான். யாழினிங்கிறது கம்பெனி வச்ச பேரு. போஸ்டர் வர்ற வரைக்கும் வெளிய சொல்லக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருந்தாங்க. அப்புறம் நேர்ல வந்து சொல்லலாம்னு இருந்தேன்."

மருதை குடித்துக்கொண்டிருந்த காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"திருச்சி மன்றமே எதிர்க்குது, திங்கக்கிழமை முடிவு பண்றோம்னுட்டாங்க. நாலு வருஷம் அலைஞ்சு கிடைச்சதுப்பா."

அமிர்தம் புருஷனைப் பார்த்த பார்வையில் பச்சை விறகும் பற்றியிருக்கும். அவர் தலை குனிந்தபடி கேட்டார்.

"எங்க, அந்த வேஷத்தை ஒரு தடவை காட்டு."

செல்லக்கிளி சத்தம் போடவில்லை. அப்பாவுக்கு எதிரில் வந்து நின்று, அவர் கையிலிருந்த காபி டம்ளரை மெதுவாக வாங்கிக் கீழே வைத்தாள். "உன் வீரன் பறக்கட்டும். இறங்க இடம் இருக்காது" என்றாள். அவ்வளவுதான். அந்தக் கண்ணில் மகள் இல்லை. மருதை தன்னை அறியாமல் நாற்காலியை விட்டு எழுந்து இரண்டடி பின்னால் போயிருந்தார். முதுகில் சுவர் இடித்தபோதுதான் பயந்துவிட்டோம் என்று தெரிந்தது. பெற்ற வயிறு குளிர்வது தாய்க்கு மட்டுமா? தகப்பனுக்கும் அன்றைக்குக் குளிர்ந்தது.

சாயங்காலம் மன்றத்தைக் கூட்டி, உள்ளதை உள்ளபடி சொன்னார். சிரிப்புச் சத்தம் கேட்டது.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதாண்ணே" என்றான் லூர்து. "நேத்து ஒரு லெட்டர், இன்னைக்கு ஒரு லெட்டரா? மன்றத்தை எவன் மதிப்பான்?"

"மன்றம் எழுதலைடா. நான் எழுதுறேன்."

சட்டைப் பையிலிருந்து ஸ்டாம்பை எடுத்து லூர்துவின் உள்ளங்கையில் வைத்தார். இருபத்திரண்டு வருஷப் பதவி.  மகளுக்காக மருதை ஸ்டாம்பை வளைத்தான் என்று ஒருத்தன் வாயில் வந்துவிடக் கூடாது, அதுதான் அவருக்கு முக்கியம். பிறகு அதே தியேட்டர் வாசலில் நின்று வாசித்தார்.

"முதல் கடிதத்தை எழுதினவன் அந்தப் பொண்ணு நடிச்சுப் பார்க்காதவன். இதை எழுதுறவன் பார்த்தவன். பார்த்துப் பயந்தவன். வில்லி சப்பையா இருந்தா ஜெயிக்கிற அண்ணனுக்கு என்னய்யா பெருமை? இப்படிக்கு, மருதை, ஆட்டோ டிரைவர், செல்லக்கிளியின் தகப்பன்."

முதல் வீடியோவைவிட இது வேகமாகச் சுற்றியது. திட்டினவர்கள் திட்டினார்கள். ஆனால் 'அட, இவரே பயந்தாராமே, பார்ப்போம்' என்று பேச்சு திரும்பியது. திங்கட்கிழமை மதியம் செல்லக்கிளியின் போனுக்குக் கம்பெனியிலிருந்து ஒரு வரி வந்தது: 'நீதான்.'

இந்த வருஷம் படம் வந்தது. காலை ஒன்பது மணிக் காட்சி. அதிரனின் கட்அவுட்டுக்கு முதல் குடம் பாலை லூர்து ஊற்றினான். மருதை கூட்டத்தோடு கூட்டமாக அமிர்தத்தோடு நின்று விசிலடித்தார்.

இடைவேளைக்குச் சற்று முன் வந்தது அந்தக் காட்சி. கோபுர உயரத்திலிருந்து ககனவீரனைத் தள்ளிவிட்டு, அவன் விழுவதைப் பார்த்துக்கொண்டே செல்லக்கிளி காபி குடிக்கிறாள். தியேட்டர் கொந்தளித்தது. பின்வரிசையில் ஒரு பெண் விரல்களை நெரித்துச் சாபம் விட்டாள். "பாவி மவ, உருப்படுவாளா இவ!"

அமிர்தம் விருட்டென்று எழுந்தாள். "யாருடி சொன்னது?"

மருதை அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "திட்டட்டும் அமிர்தம். இதுக்குத்தான் நாலு வருஷம் அலைஞ்சா."

அப்போது பால்கனியிலிருந்து ஏதோ பறந்து வந்து, செல்லக்கிளியின் முகத்திலேயே பட்டுத் திரைக்குக் கீழே விழுந்தது. விளக்கு வந்ததும் மருதை முன்னால் ஓடினார். நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு, இடதுகால். அதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவர் திரும்பியபோது, எதிரே மூச்சிரைக்க லூர்து நின்றான். ஒரு கால் வெறுங்கால்.

"மன்னிச்சிருங்கண்ணே. நம்ம கிளின்னு மறந்தே போச்சு. கை தானா வீசிருச்சு."

மருதை குனிந்தார். தீபாவளிக்கு வாங்கிய தன் தோல் செருப்பு இரண்டையும் கழற்றி லூர்துவின் காலடியில் வைத்தார். "இதைப் போட்டுக்க. இது எனக்கு வேணும்."

வாசலுக்கு வந்து சென்னைக்குப் போன் போட்டார்.

"எப்படிப்பா இருக்கு? என்ன சொல்றாங்க?"

 இரண்டு தடவை கனைத்தார்.

"கிளி... செருப்பு விழுந்துருச்சும்மா."

 அந்தப் பக்கம் அவள் அழுவது கேட்டது. வெயில் ஏறிய தார் ரோட்டில் கால் சுட, மருதை நின்ற இடத்திலேயே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.