பூனை உள்ளே, ஜெபக்குழு வாசலில்

பிரியமானவர்களே, கர்த்தர் என்னை உயிரோடு வைத்திருக்கிறார். வியாதி நாட்களில் என்னோடு சீனி என்கிற பூனையையும் வைத்திருந்தார். இரண்டாவதை அவர் செய்தது நம் சகோதரிகள் சிலருக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டில், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில், எனக்கு மார்பில் புற்றுநோய் என்று வேலூரில் சொன்னார்கள். அப்போது ஆம்பூரில் பள்ளிக்கூட டீச்சராக இருந்தேன். கணவர் தவறிப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. ஆபரேஷன் முடிந்து கீமோ ஊசி ஆரம்பித்தது. பஸ் பிடித்துப் போய் வருவேன். ஓயாத வாந்தி. வாயெல்லாம் புண். முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் என் மொட்டைத் தலையைப் பார்த்து "ஐயோ" என்றார்கள். சீனி மட்டும் வழக்கம்போல, நான் எழுந்து பால் ஊற்றும்வரை கத்திக்கொண்டிருந்தது. அதற்காகவே பல நாட்கள் எழுந்தேன்.

என் கணவரின் அக்கா கிரேஸ் அண்ணி எங்கள் சபையின் பெண்கள் ஜெபக்குழுவுக்குத் தலைவி. அவர் டாக்டருக்குப் படித்ததில்லை. அது ஒரு குறை என்று அவருக்குத் தோன்றியதுமில்லை.

"பூனை முடி உள்ள போய்த்தான் கட்டி வந்துச்சு. அத மொதல்ல தொலைச்சுட்டு மறுவேலை பாரு, சுகிர்தா."

"முடி எந்த வழியா அண்ணி மார்புக்குள்ள போச்சு?" என்றேன்.

எனக்கு விசுவாசம் கம்மி என்று சொல்லிவிட்டார்.

ஊசிக்குப் பிறகு ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் இறங்கிவிடும், வீட்டில் கூட்டம் சேர்க்காதீர்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அண்ணி ஒரு வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார். வியாதியஸ்தருக்கு ஜெபம் என்றால் நம் சபையில் ஒருவர் பாக்கியில்லாமல் தலையில் கை வைத்தாக வேண்டுமே! விட்டுப்போனால் மனஸ்தாபம். ஒரு சகோதரிக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கையால் துடைத்தார், அதே கையை என் தலையில் வைத்தார். இன்னொருவர் என் முகத்துக்கு நேராக இருமி இருமி ஸ்தோத்திரம் சொன்னார். எண்ணெய் பூசினார்கள். கன்னத்தில் முத்தம் வேறு. இவ்வளவையும் செய்துவிட்டு, கட்டிலுக்கடியில் சும்மா கிடந்த சீனியை, "கிருமி, கிருமி" என்று துடைப்பத்தால் விரட்டினார்கள். என்ன ஞானம்!

அந்த வாரமே காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப்போட்டது. வேலூரில் அட்மிட் செய்தார்கள்.

"வீட்டுல யாருக்காவது சளி, காய்ச்சல் இருந்துச்சா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டார். "பூனை இருக்கு, டாக்டர்!"

நான் வேன் கதையைச் சொன்னேன். டாக்டரம்மா அதைச் சீட்டில் குறித்துக்கொண்டார். பிறகு என்னிடம், "பூனை கடிச்சுதா? பிராண்டிச்சா?" என்றார். இல்லை என்றேன்.

"அப்ப அது இருக்கட்டும். ஆனா வெளிய சுத்த விடாதீங்க. அது அசிங்கம் பண்ற மண்ண நீங்க அள்ளக் கூடாது, வேற யாராவது அள்ளணும். தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவுங்க. புண்ணை நக்க விடாதீங்க, கட்டில்ல ஏத்தாதீங்க. பிராண்டினா உடனே வந்துடணும். சளி புடிச்ச மனுஷங்களத்தான் கிட்ட சேர்க்கக் கூடாது."

அண்ணியின் முகம் தொங்கிப்போனது. நான் அட்மிட் ஆன அன்றே அவர் வீட்டுக்காரர் சீனியைச் சாக்கில் கட்டிக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே, பதனிடாத பச்சைத்தோல் கிடங்குப் பக்கம் விட்டுவிட்டு வந்திருந்தார். அனுப்பியதே அண்ணிதான், அப்போதுதான் ஒத்துக்கொண்டார். "எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்றார். பெரிய நல்லது!

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். இனி ஊசியே வேண்டாம் என்று தோன்றிவிட்டது. யாருக்காக எழுந்து பஸ் ஏறுவது? அழுதுகொண்டே வாய்விட்டு ஜெபித்தேன். "ஆண்டவரே, என் சுகத்தை ஊரே உம்மிடம் கேட்கிறது. நான் என் பூனையைக் கேட்கிறேன். அதைக் கொடுத்தால் மீதி ஊசியையும் போட்டுக்கொள்கிறேன்."

அண்ணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பூனைக்கெல்லாமா ஜெபம் பண்ணுவாங்க?"

மறுநாள் பக்கத்து வீட்டு கரீம் பாய் வந்தார். அந்தத் தோல் கிடங்கில் மேஸ்திரி அவர். வார்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"கிடங்குலேந்து நேரா வர்றேன் டீச்சர், உள்ள வரல. பேஜார் ஆவாதீங்க. உங்க பூனை அங்க தோலுக்குப் போடற உப்பு மூட்டை மேல குந்திக்கினு இருந்துச்சு. வீட்டுக்கு எடுத்தாந்துட்டேன்."

படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். கை கூப்பினேன்.

உடனே மடியில் தூக்கி வைத்துக்கொள்ள முடிந்ததா? இல்லை. பச்சைத்தோல் கிடந்த இடத்தில் இருந்து வந்ததால், மாட்டாஸ்பத்திரியில் காட்டி, பூச்சி மருந்தும் தடுப்பூசியும் போட்டு, என் வெள்ளை அணுக்கள் ஏறும்வரை தள்ளி வைக்கும்படி டாக்டரம்மா சொன்னார். பாய் வீட்டம்மா வைத்துப் பார்த்துக்கொண்டார். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். அது கத்தும். தொடாமல் திரும்பி வருவேன். அணுக்கள் ஏறியதும் சீனி வீட்டுக்கு வந்தது, நானும் அடுத்த ஊசிக்குப் பஸ் ஏறினேன். அதன் மண்ணை அள்ள வேலைக்கார அம்மா ஒத்துக்கொண்டார்.

அண்ணி மறுபடியும் வேனோடு வந்தார். விசுவாசத்தில் அவரை யாரும் மிஞ்ச முடியாது.

"அண்ணி, எல்லாரும் வாசல்லியே நின்னு ஜெபம் பண்ணுங்க. உள்ள வர வேணாம்."

"பூனை மட்டும் உள்ள இருக்கலாமா?"

"அதுக்கு டாக்டரம்மா பர்மிஷன் குடுத்திருக்காங்க."

வாசலில் வெயிலில் நின்று ஜெபித்தார்கள். வழக்கத்தைவிடச் சீக்கிரமாக ஆமென் வந்தது. கர்த்தருக்கு அங்கிருந்தும் கேட்டிருக்க வேண்டும், அதற்குப் பிறகு எனக்குக் காய்ச்சலே வரவில்லை. ஊசிகள் எல்லாம் முடிந்தன. வருடங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் செக்கப்புக்குப் போகிறேன், சுகமாகத் திரும்பி வருகிறேன்.

இதை வாசிக்கிற சகோதரியே, உன் வீட்டிலும் வியாதி இருக்கலாம், வாலாட்டுகிற ஒரு ஜீவனும் இருக்கலாம். சாக்கோடு வருகிறவர்களிடம் யோசனை கேட்காதே. டாக்டரிடம் கேள், அவர் சொல்கிறபடி செய். ஆண்டவரிடம் எதைக் கேட்கவும் வெட்கப்படாதே. நான் பூனையைத்தான் கேட்டேன். உயிரையும் சேர்த்துக் கொடுத்தார்.