வரதராசா மைக்கில் சொன்ன சொல்

வரதராசாவின் கழகத்திடம் காசு இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. காலையில் பாரிஸின் லா சப்பலில் மரக்கறிக்கடையைத் திறந்து கத்தரிக்காய்ப் பெட்டி அடுக்குகிற மனிதர், பின்னேரம் அதே தெருவில் ஒரு நடை நடந்தால் நகைக்கடைக்காரரும் சாப்பாட்டுக்கடைக்காரரும் கேட்காமலே தருவார்கள். வளர்பிறை உதைபந்தாட்டக் கழகத்தின் பொறுப்பாளர் என்றால் அவ்வளவு நம்பிக்கை. பிள்ளை இல்லாத வீட்டில் ஒரு அணி பிள்ளைகள் என்று மனைவி கலாவதி சிரிப்பாள். சில நாள் சிரிக்காமலும் சொல்வாள்.

வில்லங்கம் சம்பள உச்சவரம்பில் இருந்தது. பாரிஸ் தமிழ்க் கழகங்கள் சேர்ந்த ஒன்றியம் ஒரு சட்டம் வைத்திருந்தது. ஒரு கழகம் தன் ஆட்டக்காரர் எல்லோருக்கும் சேர்த்து வருடத்துக்கு இவ்வளவுதான் கொடுக்கலாம். மீறினால் கோடைச் சுற்றுப்போட்டியில் இடமில்லை. பணக்காரக் கழகங்கள் நல்ல பெடியன்களை அள்ளிக்கொண்டு போகின்றன என்று தொண்டை கிழியக் கத்தி, அந்தச் சட்டத்துக்கு முதலில் கை தூக்கியவரே நம்முடைய வரதராசாதான். இப்போது அது அவர் கழுத்தைத்தான் நெரித்தது.

சிவதர்சனும் லூசியனும் சப்பாத்து நாடா கட்டத் தெரியாத வயதில் கழகத்துக்கு வந்தவர்கள். இப்போது ஒருவன் பந்தைக் கொடுக்க மற்றவன் அடிப்பான். போன வருடம் அணி வென்றதெல்லாம் அப்படித்தான். இருவரின் ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. பாரிஸுக்கு வெளியே இருக்கும் ஓல்னேக் கழகம் இருவரையும் கேட்டது. அவர்களுக்கு உச்சவரம்புக்குள் தாராளமாக இடமிருந்தது. வரதராசாவிடம் ஒருவனுக்குத்தான் இடம். ஞாயிறு மாலைக்குள் பெயர் பதிய வேண்டும்.

இடம் போனது பாலச்சந்திரனால். சரியாகச் சொன்னால், வரதராசாவின் வாயால். பாலா பதினைந்து வருடமாகப் பின்வரிசையைக் காத்தவன். ஆட்டக்காரருக்குக் காசு கொடுக்கும் வழக்கம் வருமுன் சதம் வாங்காமல் ஆடியவன். தை மாதம் அவன் மகள் லக்ஷனா பெரியபிள்ளையானதற்கான சாமத்தியவீடு பியர்ஃபித்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எல்லோரும் காசுக் கவர் கொடுத்தார்கள். வரதராசாவுக்குக் கவர் மட்டும் காணாது. மைக்கை வாங்கினார்.

"எங்கட பாலாவுக்கு இன்னும் மூண்டு வருசம் கழகத்தில இடம்! ஆகக் கூடின சம்பளம்!"

மண்டபமே கைதட்டியது. பாலாவின் மனைவி சாரதாதேவி கண்ணைத் துடைத்தாள். பங்குனியில் பாலாவின் முழங்கால் போனது. ஆடினாலும் ஆடாவிட்டாலும் அவனுடைய சம்பளம் உச்சவரம்பில் சேரும். அவனாக விட்டுக்கொடுத்தால் மட்டுமே கழியும். எந்த மடையன் கல்யாணவீட்டிலும் சாமத்தியவீட்டிலும் ஒப்பந்தம் போடுவான்? நம்மவர் போடுவார்.

வெள்ளிக்கிழமை மெத்ரோப் பாலத்துக்குக் கீழே இருக்கும் தேநீர்க்கடையில் இரண்டு பெடியன்களையும் இருத்திக் கெஞ்சினார்.

"ஒராளெண்டாலும் நில்லுங்கோடா."

"ரெண்டு பேரும் ஒண்டாத்தான், மாமா" என்றான் சிவதர்சன். லூசியன் "தெசோலே" என்று பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டான்.

நகைக்கடைக்காரர் கள்ளமாகக் கொடுப்போம் என்றார். பிடிபட்டால் கழகமே போய்விடும். இந்தப் பெடியன்கள் போனால் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போவார்கள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவது என்று வரதராசாவுக்கு நிசமாகவே தெரியவில்லை.

சனிக்கிழமை பாலா வீட்டுக்குப் போனார். சம்பளத்தை விட்டுத்தரச் சொல்லிக் கேட்டுவிடுவது என்றுதான் படி ஏறினார். பாலா காலைக் கதிரையில் நீட்டி வைத்திருந்தான். உணவக வேலையும் நின்றுபோயிருந்தது.

"இருங்கோ அண்ணை. லக்ஷனா, அந்த வீடியோவைப் போடு, மாமா இன்னும் பாக்கேல்லை."

பிள்ளை போட்டாள். திரையில் வரதராசா மைக்கோடு நின்றார். தன் குரலைக் கேட்கக் கேட்க அவருக்குக் காது எரிந்தது. சாரதாதேவி தேநீரும் முறுக்கும் வைத்தாள். குடித்தார். முழங்காலைப் பற்றி விசாரித்தார். பாலா இரண்டு தரம் "வேற என்னண்ணை?" என்று கேட்டான். "சும்மாதான் வந்தனான்" என்றுவிட்டு எழும்பினார். படியிறங்கும்போது அழுகை வந்துவிட்டது. வெட்கக்கேடு, ஆனால் வந்தது.

ஞாயிறு மாலை சிவதர்சனும் லூசியனும் ஓல்னேயில் கையெழுத்து வைத்தார்கள். படம் எல்லோருடைய தொலைபேசிக்கும் வந்தது. இரண்டு பேரும் புதுச் சட்டையோடு சிரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாலா தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, பெடியள் போயிட்டாங்களாம்?"

"ஓம்."

"நேற்று நீங்கள் வந்தது கேக்கத்தானே? எனக்கு ஏற்கெனவே தெரியும். விட்டுத் தாறனெண்டு சொல்ல ரெடியாத்தான் இருந்தனான். சாரதாவும் சரியெண்டவ. நீங்கள் கேப்பியளெண்டு பாத்துக்கொண்டே இருந்தன்."

"ஏன்டா நீயா சொல்லேல்லை?"

"அவ்வளவு சனத்துக்கு முன்னால குடுத்தனீங்கள். அதை நானாத் திருப்பித் தந்தா உங்கட மூஞ்சையில எறிஞ்ச மாதிரியெல்லே? அதுக்குத்தான் வீடியோவைப் போட்டனான். அதைப் பாத்தெண்டாலும் கதையைத் தொடங்குவியளெண்டு."

"கேக்க எனக்கு வாய் வரேல்லை, பாலா."

"எனக்கும் வரேல்லை அண்ணை."

இருவரும் தொலைபேசியை வைக்கவில்லை. கலாவதி வந்து என்ன என்று கேட்டபோதும் அவர் அதைக் காதிலேயே வைத்திருந்தார்.