உறுத்தல் அக்கா

எங்கள் தையல் கூடத்தில் செக்கிங் மேசையில் இருந்தவரை முதுகுக்குப் பின்னால் உறுத்தல் அக்கா என்போம். தைத்து வரும் குழந்தைச் சட்டையை உள்பக்கம் திருப்பி, கழுத்துத் தையலைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்ப்பார். நன்றாக இருந்தால் பேச்சே இல்லை. இல்லாவிட்டால் "உறுத்துது" என்று ஒரே வார்த்தை. சட்டை நம் மடியில் வந்து விழும்.

பஞ்சு மெத்தைகூட அந்தக் கன்னத்துக்கு உறுத்தும் என்று பட்டன் வைப்பவள் முணுமுணுப்பாள்.

தையல் நேராகத்தானே இருக்கிறது, என்ன குறை என்று கேட்க எனக்கு வாய் வராது. எட்டாவதோடு பள்ளியை விட்டவள். அதனால் கவனித்துக்கொண்டே இருந்தேன். நூல் முடிச்சு முள்ளாக நின்றால் அக்கா "குத்துது" என்பார். துணி முரடென்றால் "அரிக்குது". பார்த்தால் தெரியாமல், போட்டவரை மட்டும் நிம்மதியாக இருக்க விடாததற்குத்தான் "உறுத்துது".

ஒருநாள் பருத்தி நூல் தீர்ந்துவிட்டது. எழுந்து போய்க் கேட்கக் கூச்சப்பட்டு, கையில் கிடைத்த நைலான் நூலால் நாற்பது சட்டைகளுக்குக் கழுத்து லேபிள் தைத்துவிட்டேன். அன்று அக்கா லீவு. சட்டைகள் அப்படியே பெட்டிக்குள் போயின. இன்னொரு தப்பு செய்தால் வேலை கிடையாது என்று சூப்பர்வைசர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"என்னடி, பருக்கையை எண்ணிக்கிட்டிருக்கே?" என்றபடி அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேத்து போன நாப்பதும் உறுத்தும்க்கா. நைலான் நூல்."

அவர் திட்டவில்லை. தன் மகள் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது இரண்டு நாள் விடாமல் அழுததைச் சொன்னார். பிடிவாதம், அழுது அடங்கட்டும் என்று விட்டுவிட்டாராம். குளிப்பாட்டும்போதுதான் கழுத்துக்குப் பின்னால் சிவந்திருந்ததைப் பார்த்தாராம். லேபிள் நூல்.

"அதுக்குச் சொல்ல வாயில்லை. நீ சொல்லிட்டே, எந்திரி."

நேராக சூப்பர்வைசரிடம் போனார். அவர் என் பக்கம் திரும்பியதும் அக்கா குறுக்கே நின்றார். "நான் இல்லாத அன்னைக்குப் பார்க்காம பெட்டி கட்டச் சொன்னது யாரு சார்?"

சூப்பர்வைசர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். என் வேலை பிழைத்தது.

இரண்டு நாள் சாப்பாட்டு இடைவேளையில் நாங்கள் இருவரும் பிரித்துத் தைத்தோம். கடைசிச் சட்டையை அக்கா தன் கன்னத்தில் வைக்கவில்லை. என் கன்னத்தில் வைத்துத் தேய்த்து, என் முகத்தையே பார்த்தார்.

"உறுத்தலைக்கா."

"அப்போ பெட்டியில போடு."