முகமூடி வீரனும் ஏழரை எச்.பி. மோட்டாரும்

எங்கள் கிணற்று மோட்டாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கோம்பையில் வாழைத் தோட்டத்துக்குள்ளேயே எங்கள் வீடு. தேனியில் கடை வைத்திருந்த மாமா, புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் பழையதை எனக்குக் கொடுத்துவிட்டார். அதில் ஒரு விளையாட்டு இருந்தது. முகமூடி போட்ட வீரன் ஒருவன் ஊரைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான் கதை. ஆனால் அதை உருவாக்கிய பாவி என்னமாய்ச் செய்திருந்தான்! அவன் மாடிக்கு மாடி தாவும்போது எனக்கு அடிவயிறு கூசும். மழை பெய்தால் அவன் அங்கி நனைந்து கனத்துத் தொங்கும். அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஓடுவான். அதைச் செய்தவன் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

ஒரு கட்டத்தை முழுதாக முடித்தால்தான் அது பதிவாகும். கடைசிக் கட்டமோ அனுமார் வால்மாதிரி நீளும். அதற்குள் தோட்டத்துக்கு மும்முனைக் கரண்டு வந்துவிடும். மோட்டார் ரூமில் குண்டு பல்பு எரிந்ததும் அப்பா ஓடிப்போய் மோட்டாரைப் போடுவார். வீட்டில் லைட் மங்கும், கம்ப்யூட்டர் பட்டென்று அணையும். மோட்டார் நிற்கும்வரை அதற்கு உயிர் வராது. வில்லன் சாகக் கிடக்கிற நேரமாகப் பார்த்துத்தான் இந்தக் கூத்து நடக்கும்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் வெளியே ஓடிப்போய்க் கத்தினேன்.

"ஒரு பத்து நிமிசம் பொறுக்க மாட்டீகளா? வேணும்னே செய்றீக!"

"கரண்டு இருக்கைலதேன ஆத்தா தண்ணி பாய்ச்ச முடியும்? வாழை கொலை தள்ளுற நேரம்ல," என்று சொல்லிவிட்டு அப்பா மண்வெட்டியோடு வாய்க்காலுக்குப் போய்விட்டார்.

பெற்ற மகளைவிட வாழை பெரிதாகப் போய்விட்டதா என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டேன். "பொட்டப்புள்ளைக்கு இம்புட்டுக் கோவம் ஆகாதுடி," என்று அம்மா சொல்ல, அது இன்னும் ஏறியது. அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவர் கூப்பிட்டால் காது கேட்காதவள்போல் இருப்பேன்.

அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி கடைசிக் கட்டத்தில் இருந்தேன். ஜன்னல் வழியே பார்த்தால் மோட்டார் ரூமில் பல்பு எரிகிறது. போச்சு, வழக்கம்போல நாசம் என்று பல்லைக் கடித்தேன். மோட்டார் சத்தம் வரவில்லை. வில்லனை அடித்தேன், விழுந்தான். திரையில் ஊர் சனமெல்லாம் தெருவுக்கு வந்து கைதட்டியது.

தலைதெறிக்க ஓடினேன். அப்பா கிணற்று மேட்டில் உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஜெயிச்சுட்டேன்! எனக்காகத்தான மோட்டாரைப் போடல?"

அவர் கிணற்றிலிருந்து தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா ஆத்தா," என்றார்.

என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. கிணறு வற்றிவிட்டது, மோட்டார் இழுக்கத் தண்ணீர் இல்லை என்பதும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடாமல் பீற்றிக்கொண்டேன்: "எங்கப்பா எனக்காக வாழையைக்கூடக் காயவிட்டுட்டாக!"