வடக்குச் சுவரின் பச்சை

இப்போதும் அந்தச் சுவர்ப் பக்கம் போனால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

மணலூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் அறிவியல் டீச்சர். தினமும் கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறேன். பள்ளிக்கு அடுத்தாற்போல் பழைய கற்கோயில் ஒன்று இருக்கிறது. கருவறையில் அபிஷேகம் செய்த தண்ணீர், வடக்குச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கோமுகம் வழியாக வெளியே விழ வேண்டும். அந்தக் கல் வாய் சுவரோடு சேரும் இடத்தில் விரிசல் விட்டுப்போய், தண்ணீர் சுவரிலேயே வழிந்துகொண்டிருந்தது. வெறும் தண்ணீரா அது? பால், தயிர், இளநீர், பஞ்சாமிர்தம். பாசிக்கு இதைவிட விருந்து கிடைக்குமா? இடுப்பு உயரத்துக்குப் பச்சை, அதற்கு மேல் கறுப்பு, ஓரங்களில் தேமல் மாதிரி சாம்பல் நிறத் திட்டுகள்.

பார்க்க மெத்தென்றுதான் இருக்கும். செய்கிற வேலைதான் மோசம். ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், கொஞ்சம் கொஞ்சமாக அமிலத்தைக் கசியவிட்டுக் கல்லின் மேல்தோலைத் தளர்த்தும். கடைசியில் கல் எது, பாசி எது என்று பிரிக்க முடியாது. எட்டாம் வகுப்புக்கு இதை நடத்திவிட்டு வெளியே வந்தால், எதிரே அதே பாடம் சுவரில் வளர்ந்துகொண்டிருக்கும்.

கோயில் கமிட்டித் தலைவரிடம் மூன்று தடவை போய், விரிசலை அடைத்துவிடுங்கள் என்று கேட்டேன். கரும்பு போட்டிருக்கும் பெரிய விவசாயி, நல்ல மனிதர்தான். மூன்று தடவையும் ஒரே பதில். கருவறைக் கல்லில் கொத்தனார் கை படவேண்டுமென்றால் பாலாலயம் செய்து சாமியை வேறிடத்தில் வைக்க வேண்டுமாம், முடிந்ததும் கும்பாபிஷேகமாம்.

"நெனச்சா கை வைக்க முடியுங்களா டீச்சர்? தெய்வக் குத்தம் ஆயிடும்."

சாமி காரியத்தில் என்னத்தைப் பேசுவது என்று திரும்பி வந்துவிட்டேன்.

அந்தக் கார்த்திகையில்தான் கல்வெட்டு படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை விழுப்புரத்திலிருந்து அழைத்து வந்தேன். வடக்குச் சுவரில் பாசிக்கு மேலே தெரிந்த கல்வெட்டு வரிகளை டார்ச் அடித்து அரை நாள் படித்தார். இந்த ஊரில் நெல் குத்திப் பிழைத்த ஒருத்தி, கோயிலில் ஒரு விளக்கு எரிய, நெய்க்காக ஆடுகள் விட்டிருக்கிறாள். அவள் பெயர் அடுத்த வரியில் இருக்க வேண்டும் என்றார். அடுத்த வரி பாசிக்குள் இருந்தது.

என் அம்மா இதே பக்கத்தில் கூலிக்கு நாற்று நட்டவள். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அவள் பெயரை நான் பார்த்ததில்லை. ஒரு கூலிக்காரியின் பெயர் கோயில் சுவரில் இருக்கிறது என்றால் சும்மாவா? இப்போதே சுரண்டிப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெரியவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"ஈரத்துல தொட்டா எழுத்தும் சேந்து வந்துடும்மா. ஒழுகறத நிறுத்துங்க. செவுரு காஞ்சதும் கூப்பிடுங்க, நான் வர்றேன். அதுவரைக்கும் யாரையும் கை வைக்க வுடாதீங்க."

யாரிடமும் நான் சொல்லவில்லை. அதுதான் என் புத்தி. பெயர் தெரிந்த பிறகு ஊரைக் கூட்டிப் பெருமையாகச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டேன். தை ஆற்றுத் திருவிழாவுக்காகக் கமிட்டி கூடியபோது நானும் போனேன். விரிசல் பேச்சை எடுத்தால் மறுபடி பாலாலயம் என்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. சுவர் மாட்டுத்தொட்டி மாதிரி நாறிக்கிடக்கிறது, வெளியூர் ஜனம் பார்த்தால் காறித் துப்பாதா என்று கத்திவிட்டு வந்தேன்.

அது அவர்களுக்குச் சுருக்கென்று தைத்திருக்கிறது. விரிசலைத் தொடவில்லை, சுவரைத் தொட்டார்கள். அடுத்த ஞாயிறே கள்ளக்குறிச்சியிலிருந்து உழவாரப் பணிக் குழுவை வரவழைத்துவிட்டார்கள். சாயங்காலம் எனக்கு போன் வந்து ஓடினேன். நெற்றி நிறைய விபூதியோடு முப்பது பேர், ஆசிட் கேன், கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டர். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடாமல் உழைத்திருந்தார்கள். அவர்களை எப்படித் திட்டுவது? சுவர் பளிச்சென்று வெளுத்திருந்தது. புதிதாய்க் கொத்திவிட்ட அம்மி மாதிரி சொரசொரவென்று இருந்தது. ஓர் எழுத்து இல்லை.

தலைவர் எல்லோர் முன்னாலும் எனக்குச் சால்வை போர்த்தினார். "டீச்சர் சொன்னாங்க, நாம செஞ்சிட்டோம்" என்றார். கைதட்டினார்கள். நான் அந்தச் சால்வையோடு நின்றேன்.

சுத்தமான சுவரில் கறுப்பு கிரானைட் பலகை ஒன்றைப் பதித்து, கமிட்டியினர் பெயர்களைத் தங்க எழுத்தில் வெட்டினார்கள். என் பெயரையும் போடட்டுமா என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த ஐப்பசி மழையும் அபிஷேகமும் சேர்ந்து, அந்தச் சொரசொரப்பில் பாசி முன்னைவிட வேகமாகப் பிடித்தது. கார்த்திகைக்குள் பலகை மேலும் ஏறி, வரிசையில் முதலாவதாக இருந்த தலைவர் பெயரைப் பாதி மறைத்தது. அதை அவர் பார்த்த மறுநாள் காலை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது கொத்தனார் கோமுகத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். சிமெண்ட் வைத்து விரிசலை அடைத்து, ஒரு பிவிசி பைப்பும் சொருகிவிட்டார். முதல் மணி அடிப்பதற்குள் வேலை முடிந்தது.

பாலாலயம் என்ன ஆயிற்று என்று தலைவரைக் கேட்டேன்.

"சின்ன வேலதானுங்களே டீச்சர், அதுக்கெல்லாம் எதுக்கு?"

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு அது நிஜமாகவே சின்ன வேலைதான்.

பங்குனி வெயிலில் சுவர் ஒட்டக் காய்ந்துவிட்டது. இப்போது சொட்டு ஈரம் இல்லை. விழுப்புரத்துப் பெரியவர் இரண்டு தடவை போன் செய்தார், நான் எடுக்கவில்லை. சுவர் காய்ந்ததும் கூப்பிடச் சொல்லியிருந்தார்.