அக்கா பிடித்த சங்கிலி

எங்கள் அன்புக்குரிய அக்கா மறைந்து ஓராண்டாகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று உறவினர் சிலர் சொன்னார்கள். அக்கா செய்தது நல்லதா என்பதில் ஊரே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. நான் என்ன செய்ய?

அக்கா யாழ்ப்பாணத்தில், தோட்டக்காரக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அத்தானைக் கைப்பிடித்து உருத்திரபுரத்தில் குடியேறி, காடு வெட்டி வயல் செய்தார். அடுத்த காணி என்னுடையது. பகலில் வெயில், பொழுதுபட்டால் காட்டுப்பன்றி. குளத்து வேலைக்கு வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊர் திரும்பும்போது, கன்றுக்குட்டி அளவான தன் நாயை அத்தானிடம் விட்டுப்போனார். காவல் நாய்க்கு வயிறு நிறையச் சோறு வைத்து உடனே வயலுக்கு ஏவுவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஒருநாள் அப்படித் தின்றுவிட்டுப் பன்றி துரத்திய நாயின் வயிறு ஊதி இறுகியது. ஓங்காளித்தது, ஒன்றும் வெளியே வரவில்லை. வண்டி பூட்டுவதற்குள் செத்துப்போனது.

அது முன்பு ஈன்ற குட்டியொன்றை அக்கா வளர்த்தார். அதன் சாப்பாட்டில் வேறு யாரையும் கைவைக்க விடமாட்டார். ஒரேயடியாகக் கொட்டாமல் காலையும் பின்னேரமும் பிரித்து வைப்பார். சமைத்த எலும்பைப் பொறுக்கி எறிவார். தின்றதும் கட்டிப் படுக்கவிடுவார். ஓடிக் களைத்து வந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். மூச்சு ஆறிய பிறகுதான் சோறு.

"தீன் போட்ட உடன மாட்டைக் கலப்பையில பூட்டுவியளோ? இதுக்கும் வயிறுதானே" என்பார்.

"நாயைப் பட்டினி போடுறா" என்று அயலில் கதை.

ஒரு காலபோகத்தில், மழைக்கால நெல்லின் கதிர் முற்றும் தறுவாய். வழக்கத்துக்கு மாறாகப் பொழுது சாய முன்பே பன்றிக் கூட்டம் இறங்கிவிட்டது. அத்தான் ஓடிவந்தார்.

"சங்கிலியை விடு! பண்டி வயலுக்கை நிக்குது!"

"இஞ்சேருங்கோ, இப்பதான் தின்டது. கொஞ்சம் பொறுங்கோ."

"நான் பொறுப்பன், பண்டி பொறுக்குமோ?"

அக்கா சங்கிலியை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். நானும் அத்தானும் தகரம் அடித்துக்கொண்டு ஓடினோம். பன்றிகள் எங்களை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. நாய் பிழைத்தது, வீட்டில் நெல் இல்லை. பிள்ளைகள் மரவள்ளிக் கிழங்கோடு காலம் தள்ளினார்கள். அத்தான் அக்காவோடு முகம் கொடுத்துப் பேச வெகுநாள் சென்றது. எனக்கும் அக்காமேல் கோபம்தான்.

நெஞ்சு வருத்தத்தில் படுத்திருந்த கடைசி நாட்களில் அக்கா அத்தானைக் கேட்டார்: "அண்டைக்கு நான் சங்கிலியைப் பிடிச்சது பிழையோ?"

"கஞ்சியைக் குடி" என்று அத்தான் கரண்டியை நீட்டினார். அக்கா வாய் திறக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை.

அந்த நோயில் பார்த்த வைத்தியருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. அந்தப் போகத்தில் சுளகு சுளகாக நெல் தந்த அயலவருக்கு, கூச்சத்தால் அக்கா சொல்லாமல் விட்ட நன்றியையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

மலருக்கு நாலு வரி எழுதித் தாருங்கோ என்று அத்தானைக் கேட்கப் போனேன். முற்றத்தில் அக்காவின் நாய்க்குப் பக்கத்தில் இருந்தார்.

"இப்பதான் தின்டது. இது படுக்குமட்டும் நான் எழும்பேலாது. பிறகு வா."